கம்பியைத் திட்டாதே, பேராண்டி

பேராண்டி, நேத்து ராத்திரி மேல் வீட்டுல ‘தடால்’னு ஒரு சத்தம். கல்யாணமாகி ஆறு மாசம் ஆச்சே, இன்னும் ஒரு சண்டையும் காணோமேன்னு கவலைப்பட்டுக்கிட்டிருந்தேன். ஆரம்பிச்சாச்சு, இனிமே குடும்பம் உருப்படும்னு நிம்மதியாப் போர்வையை இழுத்து மூடிக்கிட்டேன். காலையில படியேறி வந்து பார்த்தா, விழுந்தது துணி காயப்போடுற கம்பி. நாலு காலையும் நாலு திசைக்கு நீட்டிக்கிட்டு, மாரியம்மன் சன்னதியில வேண்டுதல்காரன் விழுந்த மாதிரி கிடக்கு. முதுகு மேல உன் ஜீன்ஸ் நாலு, துவாலை ரெண்டு, கம்பளி ஒண்ணு.

போன்ல பார்த்து 39 வெள்ளிக்கு வாங்கினியாம். 20 கிலோ தாங்கும்னு படத்துல போட்டிருந்துச்சாம். படத்துல இருக்கிறது இன்னும் தாங்கிக்கிட்டுத்தானே நிக்குது? வேணும்னா திறந்து பாரு.

‘தாத்தா, உறுதியா எதை வாங்கலாம்?’னு கேட்டே பாரு, அங்கதான் மாட்டிக்கிட்டே. இந்த பட்டர்வொர்த்துல என்கிட்ட யோசனை கேக்கிற ஆளு குறைஞ்சுக்கிட்டே வருது. கிடைச்ச உன்னைச் சும்மா விடுவேனா? உக்காரு. தாயி, எனக்கு ஒரு கோப்பி-ஓ கலக்கு. சீனியைக் குறைக்கச் சொல்லி டாக்டர் சொல்லியிருக்காரு, அதனால ரெண்டு கரண்டி போதும்.

முதல்ல கணக்கு. 6 கிலோ துணியை மெசின்ல போடுறே. அது எத்தனை சுத்துச் சுத்திப் பிழிஞ்சாலும், துணியோட எடையில பாதிக்கு மேல தண்ணி உள்ளேயே ஒட்டிக்கிட்டு நிக்கும். வெளிய எடுக்கையில 9 கிலோவைத் தாண்டிடும். கையால பிழிஞ்சா இன்னும் கூட. அதுலயும் உன் கை போன் பிடிச்சே பழகின கை. கல்யாணத்துக்கு ஒருத்தரை அழைச்சா குடும்பத்தோட வந்து இறங்குற மாதிரி, துணியைக் கூப்பிட்டே, தண்ணியும் கூடவே வந்து உக்காந்துடுச்சு. கம்பி வாங்குறவன் துணியை எண்ணக் கூடாது, தண்ணியை எடை போடணும்.

20 கிலோங்கிறது எல்லாக் கம்பியிலயும் சமமாப் பரப்பினாத்தான். நீ என்ன செஞ்சே? பட்டாம்பூச்சி மாதிரி ரெண்டு றெக்கை விரியுதே, அதுல ஒரு றெக்கை நுனியில கம்பளியையும் ஜீன்ஸையும் குவிச்சுட்டே. சின்னப் பிள்ளைங்க ஏறி இறங்கி விளையாடுற பலகையில, குண்டுப் பையன் இந்தப் பக்கம் உக்காந்தா ஒல்லிப் பையன் அந்தரத்துல தொங்குவானே, அதே கதைதான். கனமானதுக்கு இடம் நடுவுல, காலுக்கு நேர் மேல. சட்டை, பனியன், கைக்குட்டைக்கு றெக்கை போதும்.

கடைக்குப் போனா றெக்கை நுனியை உள்ளங்கையால ஒரு அமுக்கு அமுக்கு. எதிர்ப்பக்கக் கால் சட்டுனு எழும்பினா, அதுக்கு ஒரு வணக்கம் போட்டுட்டு அடுத்ததுக்கு நட. கால் நல்லா அகட்டி நிக்கணும். அகட்டினது மடங்காம இருக்க கொக்கியோ பூட்டோ இருக்கணும். மூட்டெல்லாம் பிளாஸ்டிக்கா இருந்தா, நம்ம ஊரு வெயில் கொஞ்ச நாள்ல அதை முறுக்கு மாதிரி நொறுங்க வைச்சிடும். அப்புறம் இன்னொண்ணு, விரிச்சா கம்பி ஒன்றரை மீட்டர் நீளத்துக்குக் குறையவே கூடாது. ஏன்னு இப்பக் கேக்காதே, பின்னாடி சொல்றேன்.

அடுத்தது இடைவெளி. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது பால்மரம். தோட்டத்துல பாலைத் தொட்டியில ஊத்தி, அமிலம் சேர்த்து உறைய வைச்சு, உருளைக்குள்ள விட்டுத் தகடாக்குவோம். தகட்டுல வரி வரியா அச்சு விழும். அழகுக்குப் போடுறாங்கன்னுதான் ரொம்ப நாள் நினைச்சேன். வரி விழுந்தா காத்து படுற பரப்பு கூடும், சீக்கிரம் காயும்னு பழைய கிராணி ஒருத்தர் சொல்லித்தான் தெரியும். அந்தத் தகடுகளைக் கழி கழியாத் தொங்கவிட்டு, புகைவீட்டுல 60 டிகிரி சூட்டுல நாலஞ்சு நாள் வைப்போம். ரெண்டு தகடு ஒண்ணோட ஒண்ணு உரசினா ஒட்டிக்கும், பூசணம் பூக்கும், ஒண்ணாம் நம்பர் ஷீட்டு மூணாம் நம்பராயிடும். கழி பட்ட இடம் ஈரமா நின்னுடக் கூடாதுன்னு நடுவுல நகர்த்தியும் விடுவோம்.

அவ்வளவு பக்குவம் ரப்பருக்கு. நீயோ உன் மாமனார் எடுத்துக் கொடுத்த சட்டையை மூணு துணிக்கு நடுவுல செருகி வைச்சிருக்கே. ரெண்டு கம்பிக்கு நடுவுல நாலு விரல் தாராளமா நுழையணும். நுழையலேன்னா ஒண்ணு விட்டு ஒண்ணுல போடு. ஜீன்ஸ் இடுப்புப் பட்டையைக் கம்பி மேல மடிக்காதே. அதைத் திறந்து, ரெண்டு கம்பிக்கு நடுவுல கூடாரம் மாதிரி நிறுத்து.

இந்த ஊரு காத்துல ஈரப்பதம் சராசரியா 80 விழுக்காடு. செப்டம்பர், அக்டோபர் வந்தா மழை போட்டுச் சாத்தும். வானமே துவைச்ச துணி மாதிரி சொட்டிக்கிட்டிருக்கையில, உன் துணி எங்க காயும்? மெதுவாக் காயுற துணிதான் நாறும். அந்த நாத்தத்துக்குக் காரணம் மொராக்செல்லான்னு ஒரு கிருமின்னு 2012-ல ஜப்பான்காரங்க கண்டுபிடிச்சாங்களாம். பேரைக் கேட்டா ஏதோ மாநாட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி இருக்கு. மழை நாள்ல கம்பியை வீட்டுக்குள்ள இழுத்து, காத்தாடியைத் துணிப் பக்கம் திருப்பி, சன்னலைக் கொஞ்சம் திறந்து வை. விருந்தாளி கிளம்பிடுவாரு.

இப்ப இரும்பு விசயம். இரும்பைப் பத்திப் பேச எனக்கு உரிமை இருக்கு. இங்க பக்கத்துல பிறையில மலாயவாட்டா இரும்பாலை 1967-ல உலை மூட்டுச்சே, அதுக்குப் போட்ட கரி பால்மரக் கரி. நாங்க பால் எடுத்துச் சலிச்ச மரத்தை எரிச்சுத்தான் இரும்பு உருக்கினாங்க. அப்படிப் பார்த்தா இரும்பு எனக்குச் சம்பந்தி முறை.

கடைக்காரரு ஒரு காந்தத்தை எடுத்து வைச்சு, ‘பாருங்க, ஒட்டலை, நல்ல எவர்சில்வர்’னு சொல்வாரு. நீயும் வாயைப் பிளந்து பணத்தை எடுப்பே. 304-ங்கிற ரகத்துல நூத்துக்கு 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல். 201-ங்கிற ரகத்துல விலையைக் குறைக்க நிக்கலைக் குறைச்சு மாங்கனீசைக் கூட்டியிருப்பாங்க. ரெண்டுலயுமே காந்தம் ஒட்டாது! காந்தத்தை நம்பிக் கம்பி வாங்குறது, வாசல் கோலத்தைப் பார்த்துப் பொண்ணு எடுக்கிற மாதிரி. கடல் உப்புக் காத்துல 201 சீக்கிரம் பழுப்பு பூக்கும், 304 கூடுதல் நாள் நிக்கும். ‘304-னு பில்லுல எழுதித் தாங்க’ன்னு கேளு. எழுதுற கை தயங்கினா, உனக்குப் பதில் கிடைச்சாச்சு.

சாயம் பூசின இரும்பு வாங்கினாலும் குத்தமில்லை, மலிவுதான். ஆனா ஒட்டுப்போட்ட இடத்தையும் குழாய் வாயையும் பாரு. வாய் திறந்திருந்தா தண்ணி உள்ள போய் உக்காந்துக்கும். வெளிய பளபளன்னு சிரிக்கும், உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டிருக்கும். நம்ம சொந்தக்காரங்கள்ல சிலரை உனக்குத் தெரியும், பேர் சொல்லலை.

காத்தையும் மறந்துடாதே. மத்தியானம் கடல்காத்து எழும்பினா கம்பளி பாய்மரமாயிடும். ஒரு விரல்ல தூக்குற கம்பியைக் காத்தும் ஒரு விரல்லதான் தூக்கும். மாடத்துக் கிராதியோட ஒரு கயிறு போட்டுக் கட்டு. மாடத்துக்கு வெளிய மட்டும் எதையும் நீட்டாதே; கீழ நடக்கிறவன் தலை 304 இல்லை.

இதெல்லாம் தலைசுத்துதுன்னா கயிறு வாங்கு, அஞ்சாறு வெள்ளியில முடிஞ்சுடும். நம்ம சலவைக்காரங்க ரெண்டு கயித்தை ஒண்ணா முறுக்கி இழுத்துக் கட்டுவாங்க. துணி நுனியை அந்த முறுக்குக்குள்ள செருகினா கிளிப்பே வேண்டாம், புயலுக்கும் அசையாது. பினாங்குத் தீவுல ஆத்தோரமா டோபி காட்னு ஒரு இடத்துக்கே பேர் வாங்கிக் கொடுத்தது அவங்க தொழில்தான். நீ கயிறு கட்ட மாட்டேன்னும் தெரியும். தோட்டமா இருந்த பத்து காவான்ல 2019-லேருந்து பெரிய ஐகியா கடை இருக்கு. ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் கையைக் கோத்துக்கிட்டு அங்க போய்க் கம்பி பார்ப்பீங்க, மீட்பால் தின்னுட்டு மெழுகுவத்தி வாங்கிக்கிட்டு வருவீங்க.

கடைசியா ஒண்ணு. எவ்வளவு உறுதியான கம்பி வாங்கினாலும், காஞ்ச துணியை எடுத்து மடிக்கிற வேலையை அது செய்யாது. போன வாரம் காஞ்ச சட்டை இன்னும் அதுமேலதான் தொங்குது. தினம் காலையில அங்கேருந்தே உருவிப் போட்டுக்கிட்டு வேலைக்குப் போறே. அது கம்பியா, அலமாரியா? ஆறு கிலோ துணிக்குன்னு வாங்கின கம்பி ஆறு மாசத்துத் துணியைச் சுமந்தா, விழாம என்ன செய்யும்?

ஆங், ஒன்றரை மீட்டர் ஏன்னு கேட்டே இல்ல? எட்டு முழ வேட்டியை ரெண்டா மடிச்சு, சுருக்கமில்லாம அகலத்துக்கு விரிச்சுப் போட அவ்வளவு வேணும். நீ எங்க வேட்டி கட்டுறேன்னு யோசிக்காதே. கீழ என் மாடத்துல எதிர்க் கட்டட நிழல் விழுந்து, வெயிலே எட்டிப் பார்க்கிறதில்லை. உன் மாடத்துல பத்து மணிக்கே சுள்ளுனு அடிக்குது. அதனால நடுவுல, காலுக்கு நேர் மேல, உறுதியா ஒரு கம்பி இருக்குன்னு சொன்னேனே, வியாழக்கிழமையில மட்டும் அதைக் காலியா விட்டு வை. வெள்ளிக்கிழமை நான் கோயிலுக்குப் போகணும்.