அக்காவோடும் நாய்களோடும் காசிக்குப் போவது எப்படி?

ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து காசிக்கு ரயிலிலும் போகலாம். நாய்கள் கூடவே வர வேண்டுமென்றால் முதல் வகுப்பு ஏ.சி.யில் ஒரு கூபே முழுவதும் எடுக்க வேண்டும். அந்தக் கணக்கைக் கேட்ட அக்கா, "அந்தக் காசுக்கு டீசல் போட்டா போயிட்டே வந்துரலாம்டா தம்பி" என்பார். நாய்களை விட்டுவிட்டுப் போவோம் என்று மட்டும் சொல்லாதீர்கள். காலபைரவர் ஊருக்கு அவர் வாகனம் இல்லாமலா? தருமர் வடக்கே நடந்தபோது கடைசிவரை கூடப் போனது நாய்தானே? அந்தக் கதையில் தம்பிகள் எல்லாரும் வழியிலேயே விழுந்துவிட்டார்கள் என்பதை அக்கா சொல்ல மாட்டார். நீங்களும் கேட்காதீர்கள்.

ஒரு வழிக்கு ஏறக்குறைய 2,400 கிலோமீட்டர். இனி நான் சொல்கிறபடி செய்யுங்கள்.

1. மே மாதத்தில் கிளம்புங்கள். நாக்பூரில் அப்போது 45 டிகிரி சாதாரணம். விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்படுவதாக முதல் நாள் இரவு எல்லாரும் சத்தியம் செய்துவிட்டு, பதினொன்றரைக்கு வண்டியை எடுங்கள்.

2. ஏற்றுவதற்குச் சற்று முன்பு நாய்களுக்கு வயிறு முட்டக் கறிச்சோறு போடுங்கள். மூன்று நான்கு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்தச் சொல்லும் கால்நடை மருத்துவர் உங்கள் அக்காவைப் பார்த்ததில்லை. வெறிநாய்த் தடுப்பூசி அட்டையை பீரோவிலேயே பத்திரமாக வைத்துப் பூட்டுங்கள். சாவி உங்களிடம், அட்டை வீட்டில்.

3. போகிற போக்கில் பெரிய கண்மாயில் நாய்களை ஒருமுறை அவிழ்த்துவிடுங்கள். நாரை பறக்க முடியாத 48 மடைக் கண்மாய் என்று ஊரே பெருமை பேசும் கண்மாய் அது. நாரைக்கே முடியாததை நீங்கள் செருப்புக் காலோடு ஓடிப் பார்க்கலாம். வற்றிக் கிடக்கும் பருவம் என்பதால் உள்ளே சீமைக்கருவேல முள்ளுக்குப் பஞ்சமில்லை. சிப்பிப்பாறை நொண்டிக்கொண்டு திரும்பி வரும். அதன் முன்னங்காலை அக்கா மடியில் வைத்துக்கொண்டு கொண்டை ஊசியால் நோண்டுவார், நீங்கள் ஒரு கையில் ஸ்டியரிங்கும் மறு கையில் செல்போன் வெளிச்சமுமாக ஓட்டுங்கள். ஓரமாக நிறுத்தி எடுப்பதற்கென்று யாரும் கார் வாங்குவதில்லை.

4. உப்பூரில் இறங்கி வெயிலுகந்த விநாயகரைக் கும்பிடுங்கள். நாய்களைக் காருக்குள் பூட்டி, கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிவிடுங்கள். மூடிய கார் வெயிலில் நின்றால் பத்தே நிமிடத்தில் உள்ளே பத்து டிகிரிபோல ஏறும், இரண்டு விரல் இடைவெளியால் ஒன்றும் குறையாது. நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வேர்க்காது, நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். உள்ளே இருக்கும் காற்றே கொதித்தால் இரைத்து என்ன பயன்? இதையெல்லாம் கேட்டுவிட்டு, "சிப்பிப்பாறை வெயில் தாங்கும்" என்று சொல்லுங்கள். வெயிலை உகந்து வாங்குவது உள்ளே இருக்கும் பிள்ளையார்தான். ஒருவர் வேப்பமர நிழலில் நாய்களோடு நின்றால் மற்றவர் போய்க் கும்பிட்டு வரலாம் என்ற யோசனை தலைதூக்கினால் உடனே அடக்குங்கள். கூட்டமாகச் சேர்ந்து கண்ணாடியைத் தட்டும் ஊர்க்காரர்கள் விவரம் தெரியாதவர்கள்.

5. பாம்பன் பாலத்தில் நடுவில் நிறுத்துங்கள். 1988இல் திறந்ததிலிருந்து எல்லாரும் அங்கேதான் நிறுத்துகிறார்கள். பின்னால் அரசுப் பேருந்து ஹாரன் அடித்தால் வாழ்த்து என்று எடுத்துக்கொள்ளுங்கள். ராமேஸ்வரத்தில் கடல் மணலை ஒரு துணிப்பையில் அள்ளிக்கொள்ளுங்கள்: அதைப் பிரயாகையில் கரைத்துவிட்டு, கங்கை நீரைத் திருப்பிக் கொண்டுவந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்தால்தான் யாத்திரை முழுமை. பையின் வாயைக் கட்டாமல் பின்சீட்டுக்குக் கீழே, நாய்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள்.

6. மதுரை, சேலம்வரை பேசாமல் வாருங்கள். தொப்பூர் கணவாயில் லாரிகளுக்கு நடுவே ஏறும்போது, "அப்பா அந்தப் புஞ்சையை யார் பேருக்கு எழுதணும்னு சொன்னாரு?" என்று ஆரம்பியுங்கள். கிருஷ்ணகிரி வரும்போது அக்கா கல்யாணத்துக்குப் போட்ட நகைக்கு வந்திருப்பீர்கள். அதன்பிறகு ஆந்திரா, தெலங்கானா முழுக்க நாய்கள் வழியாகப் பேசிக்கொள்ளுங்கள்: "மணி, உன் மாமாகிட்ட ஏ.சி.யைக் கூட்டச் சொல்லு."

7. லாட்ஜில் நாய் உண்டு என்று முன்கூட்டியே சொல்லாதீர்கள். போர்வையில் சுற்றி, "அக்கா பையனுக்குக் காய்ச்சல்" என்று மாடிக்குத் தூக்கிப் போங்கள். காய்ச்சல்காரன் படியிலேயே குரைத்தால் நீங்களும் இருமுங்கள். அந்த இரவைக் காரில்தான் கழிப்பீர்கள்.

8. நாக்பூர் தாண்டினால் பெஞ்ச் புலிக்காடு. காட்டு விலங்குகள் அடியில் கடப்பதற்காகச் சாலையைத் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். நாய்கள் இறங்கிக் கால் நனைக்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

9. ஜபல்பூர் பக்கம் மணல் பையைப் பாருங்கள். பாதியைத் தோண்டி சீட்டில் இறைத்திருப்பான் மணி. மீதியை எதற்குப் பயன்படுத்தினான் என்பதை மோந்து பார்த்தே தெரிந்துகொள்ளலாம். பதற வேண்டாம். நர்மதையில் மணல் இருக்கிறது. அக்கா டீ குடிக்கும் நேரத்தில் பையை அலசி, நிரப்பி, பழையபடி வைத்துவிடுங்கள். பையைத் தூக்கும்போது ஏற்கெனவே கனமாக, சுத்தமாக, வாய் கட்டியிருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். அக்கா கோதாவரியிலேயே முடித்திருப்பார்.