எண்ணெய்க் குளியல்

தாத்தாவிடம் இருந்தது பர்மிங்ஹாமில் செய்த வெப்லி அண்ட் ஸ்காட், .32 ரிவால்வர். தஞ்சாவூர்ப் பக்கத்து மிராசுதாருக்கு அது எதற்கு என்று ஊரில் யாரும் கேட்டதில்லை. திருடனைச் சுட்டதாக வரலாறு கிடையாது. தீபாவளியை ஒட்டி, தென்னந்தோப்பு மண்மேட்டில் நாலைந்து தோட்டாக்களைச் சுடுவார். அன்று சாயங்காலமே துப்பாக்கிக்குக் குளியல். தாத்தாவின் சொந்த எண்ணெய்க் குளியலுக்குக்கூட வீடு அவ்வளவு அடங்கியதில்லை.

வெப்லியைப் பூட்டு நீக்கி மடக்கினால் நடுவில் முறிந்து திறக்கும். உள்ளே இருக்கிற ஆறு தோட்டாக்களும் ஒரே தள்ளலில் பாயில் வந்து விழும். தாத்தா ஒவ்வொன்றாக எண்ணுவார். பிறகு ஆறு துளைகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், சுண்டுவிரலால் தடவியும் பார்ப்பார். தோட்டாக்கள் ஒரு வெற்றிலைப்பெட்டியில் பாட்டியிடம் போகும். பாட்டி அதை இடுப்புச் சாவிக்கொத்தோடு அடுத்த அறையில் வைத்துக்கொண்டு உட்காருவாள். வேலை முடியும்வரை தாத்தாவே கேட்டாலும் கொடுக்கமாட்டாள். ஊரில் தாத்தாவை எதிர்த்துப் பேசும் உரிமை பெற்ற ஒரே சட்டம் அவள்தான்.

அடுத்த ஆர்டர் அடுக்களைக்கு: கொதிக்கிற வெந்நீர். "துப்பாக்கிக்குமா காப்பி?" என்று பாட்டி உள்ளிருந்தே கேட்பாள். கேலிதான், ஆனால் வெந்நீர் சரியான மருந்து. அந்தக் காலத்துத் தோட்டாக்கள் பலவற்றின் பற்றவைக்கும் மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்தால் குழலுக்குள் மிஞ்சுவது ஒருவகை உப்பு. காற்றின் ஈரத்தை இழுத்து, சில நாளிலேயே இரும்பைத் தின்றுவிடும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். சூடேறிய இரும்பு தானே உலர்ந்துவிடும். அதன் பிறகு வெள்ளை வேட்டித் துண்டு, கம்பி, பாட்டியின் தையல் மிஷின் எண்ணெய். பண்ணையாள் ஒருவர் நல்லெண்ணெய் போடலாமே என்றார். நாளானால் பிசினாகிவிடும் என்று தாத்தா அவரை வாசலோடு அனுப்பிவிட்டார்.

இவ்வளவு நுணுக்கம் தெரிந்தவர், வேலை முடிந்ததும் அதே கரிக்கையால் முறுக்கு தின்றார். துடைத்துத் துடைத்துப் பளபளக்க வைத்ததைத் தோல் உறைக்குள் போட்டுப் பீரோவில் வைத்தார். தோல் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். அடுத்த வருஷம் துரு காத்திருக்கும். தாத்தா துருவைத் திட்டுவார், உறையைத் திட்டமாட்டார். உறை மைசூரில் வாங்கியது.

இப்போது பெரியப்பா மகன் சென்னையில், மூன்றாவது மாடியில், லைசென்ஸோடு இருக்கிறான். கான்பூர் ஆர்டினன்ஸ் தொழிற்சாலையின் .32, புத்தம் புதிது. "இது வேற லெவல்டா" என்று திறந்து காட்டினான். நடுவில் முறிந்து திறந்தது. வெப்லியின் பரம்பரை வடிவமேதான். வெப்லி பெயரிலேயே ஒரு .32 இன்று உத்தரப் பிரதேசத்து ஹர்தோயில் தயாராகிறது என்றேன். அவனுக்கு அது ரசிக்கவில்லை.

கிளப்பில் சுட்டுவிட்டு வந்த ஞாயிறுகளில் அவன் சாப்பாட்டு மேஜையை மடித்துவிட்டுப் பால்கனிக் கதவோரம் உட்காருகிறான், கரைப்பான் வாடை வெளியே போகட்டும் என்று. கையுறை, கண்ணாடி, வெண்கல பிரஷ், துணித்துண்டுகள். தோட்டாக்கள் வேறு அறையில் நம்பர் பூட்டுப் பெட்டியில். பாட்டியின் வேலையை நாலு எண்கள் பார்க்கின்றன. திறந்து, ஆறு துளையையும் கண்ணாலும் விரலாலும் பார்க்கிறான். பிரஷ்ஷைக் குழலின் பின்பக்கத்திலிருந்தே விடுகிறான், வாய்விளிம்பு தேயக்கூடாது. மூடும்போது மட்டும் சினிமா நினைவு வந்து 'டக்'கென்று அடிக்கிறான். கீலும் பூட்டும் தளர இது ஒன்று போதும்.

வெந்நீருக்கு வேலையில்லை. இன்றைய மருந்தில் அந்த உப்பு இல்லை, ஈயம் இருக்கிறது. அன்று துப்பாக்கிக்கு ஆபத்து, இன்று துடைப்பவனுக்கு. சோப்புப் போட்டுக் கைகழுவாமல் அண்ணி முறுக்கு டப்பாவைத் திறக்கவிடமாட்டாள். வெளிநாட்டுத் துப்பாக்கி எண்ணெய்ச் சீசாவை மோந்து பார்த்தேன். மிஷின் எண்ணெய்க்கு நெருங்கின சொந்தம், விலை மட்டும் சீமை.

லைசென்ஸ் இப்போது ஐந்து வருஷத்துக்கு. 2019 திருத்தத்துக்கு முன் மூன்று. அந்த ஐந்து வருஷத்தில் மக்களவை, சட்டமன்றம், உள்ளாட்சி என்று தேர்தல்கள் வரும். அறிவிப்பு வந்தால் ரிவால்வர் ஸ்டேஷனுக்குப் போய்விடும். வாரக்கணக்கில் அங்கே கிடக்கப்போகிறதே என்று போன தடவை தாராளமாக எண்ணெய் பூசிக் கொண்டுபோனான். வாங்கிய ஏட்டு விரலைத் தேய்த்துப் பார்த்தார்.

"என்ன சார், வடை சுட்ட மாதிரி இருக்கு? ரெஜிஸ்டரெல்லாம் கறையாகுது. துடைச்சிட்டுக் கொண்டாங்க."