இறுகிய ஆணியும் எண்ணெய்ச் சாத்திரமும்

மட்டக்களப்பு வாவியை அண்டி வாழும் வாகனங்களின் ஆணிகள் இருவகைப்படும்: கழலாதவை, முறிந்தவை. இரும்பு துருவாகும்போது அதன் கன அளவு பல மடங்கு பெருகுவதால், ஆணியின், அதாவது போல்டின், மரைக்கும் நட்டின் மரைக்கும் நடுவே இருந்த மயிரிழை இடைவெளியும் அடைபட்டு இரண்டும் ஓருடலாகிவிடுகின்றன. கராஜ் வழக்கில் இந்நிலை ‘இறுகிப்போச்சு’ எனப்படும். முகத்துவாரத்தினூடாகக் கடல்நீர் புகும் வாவி ஒருபுறமும் கடல் மறுபுறமுமாக அமைந்த எழுவான்கரையில், அதாவது வாவியின் கிழக்குக் கரையில், உப்பு எத்திசையிலிருந்து வந்தது என்று ஆராய்வது வீண். இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறக்கப்பட்டமையால், ஓய்வுபெற வேண்டிய வாகனங்களெல்லாம் சேவை நீடிப்புப் பெற்று, தம் ஆணிகளோடு ஓடிக்கொண்டிருக்கின்றன.

இத்தகைய ஆணியைச் சேதமின்றிக் கழற்றும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகையால், முதலில் எண்ணெய் பற்றிச் சிறிது கூற வேண்டியுள்ளது. ஜாக்கில் உயர்த்திய வாகனத்தின் கீழிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கக் கண்டும் சைக்கிளை நிறுத்தாமல் போகிறவர் இப்பகுதியில் இலர். முதலில் நிற்பவர் மண்ணெண்ணெய் என்பார். அது காய்ந்துவிடும், டீசலே நின்று இறங்கும் என்பார் இரண்டாமவர். மூன்றாமவர் பிரேக் ஒயிலை முன்மொழிய, அது பெயின்டைத் தின்றுவிடும் என்று நான்காமவர் மறுத்து, கொழும்பிலுள்ள தம் மச்சானைச் சான்று காட்டிக் கொக்கா கோலாவை நிலைநாட்டுவார். அப்பானத்தில் பொசுபோரிக் அமிலம் உண்டு என்பதும் அது துருவைக் கரைக்கவல்லது என்பதும் மெய்யே. ஆயினும் போத்தலில் மிஞ்சியதை முன்மொழிந்தவரே குடித்துவிடுவதால் அவ்வாய்வு முடிவுற்றதில்லை. படித்தவர் டபிள்யூ டி 40 என்பார். 1953இல் அமெரிக்காவில், அட்லஸ் ஏவுகணை துருப்பிடியாதிருக்க நீரை அகற்றும் திரவமாக, 40ஆவது முயற்சியில் ஆக்கப்பட்டது அது. அட்லஸ் ஏவுகணை எழுவான்கரையின் ஆரையம்பதியில் ஒரு மாரியும் கழித்ததில்லை என்பதை அவர் கருத்திற்கொள்வதில்லை. எதை ஊற்றினாலும் ஊறவிட வேண்டும் என்பதில் மட்டும் எல்லாரும் ஒருமுகமாக நிற்பர். எவ்வளவு நேரம் என்ற வினாவுக்கோ ஒரு பிளேன்டீ குடிக்கும் நேரம் முதல் அடுத்த வெள்ளிக்கிழமை வரை விடைகள் உள. கருத்துச் சொன்னவர்களுள் ஒருவரேனும் ஸ்பெனரைக் கையில் வாங்கியதாகச் சான்று இல்லை.

எண்ணெய்க்குப் பின் வருவது பைப். ஸ்பெனரின், அதாவது கராஜ் மொழியில் சாவியின், பிடியில் நீர்க்குழாய்த் துண்டைச் செருகி நெம்புகோலை நீட்டுகையில், ஆணி இளகுவதுபோன்ற ஒரு மென்மை கையில் தெரியும். அது இளகலன்று, உலோகம் முறுகுவது. அடுத்த கணம் ஆணித்தலை சாவிக்குள்ளும் தண்டு உள்ளேயுமாகப் பிரியும். இக்கட்டுரைக்கு ஏதுவான, பின்பக்கச் சொக் அப்சோபரின் கீழாணி, ரப்பர் புஷ்ஷின் உள்ளிருக்கும் இரும்புக் குழலோடு ஒட்டிக்கொண்டு, திருப்பினால் புஷ்ஷையும் சேர்த்துத் திருப்பி, ஈற்றில் இவ்வாறே முறிந்தது. இவ்வரிகள் எழுதப்படும் வேளையிலும் அது அவ்விடத்திலேயே உள்ளது.

கடைசியாக அதைப் பூட்டியவர் விரல்நுனியளவு கிரீஸ் பூசியிருந்தால் மேற்கூறிய எண்ணெய்ச் சாத்திரம் முழுவதும் தேவையற்றுப் போயிருக்கும். புதிய ஆணிக்காவது அது பூசப்படுமா எனின், பூட்டுபவர் ஒருவர், கழற்றுபவர் வேறொருவர் என்ற நடைமுறை நீடிக்கும்வரை பூசப்படாது என்றே கொள்ள வேண்டும்.