கோழித் தொடையின் நடுவெப்பம்: மட்டாஞ்சேரியில் ஒரு பிரமாண விசாரம்

தருக்க நூல்களில் அடிபட்டுப் பழகிய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே தீ இருக்கிறது, அடுக்களையைப் போல. சாட்சிக்கு அடுக்களையைக் கூப்பிட்டவர்களில் ஒருவராவது அங்கே அடுப்பின் மேல் என்ன இருக்கிறது, அது வெந்ததா என்று கேட்டிருக்கலாம். புகையிலிருந்து தீக்குப் போக வழி சொன்னார்கள். தீயிலிருந்து கோழித் தொடையின் நடுப்பகுதிக்குப் போக வழி சொல்லவில்லை. அந்தக் குறையை நிரப்பவே இந்த ஆய்வு.

களம் கொச்சியின் மட்டாஞ்சேரி, காலம் விளக்கு வைத்த பிறகு. ஆய்வுப்பொருள் அல்ஃபாம்: விரித்துப் பிளந்து, மசாலாவில் ஊறவைத்து, இரட்டைக் கம்பிவலைக்குள் இறுக்கி, கரிநெருப்பில் புரட்டிப் புரட்டி வாட்டும் கோழி.

வரலாற்றுப் பின்னணி இல்லாத கட்டுரையை எந்தப் பல்கலைக்கழகமும் ஏற்காது. ஆகவே: 1663 முதல் 1795 வரை கொச்சி டச்சுக்காரர் பிடியில் இருந்தது. அதே காலத்தில் டச்சு நாட்டில் இருந்துகொண்டுதான் பாரன்ஹீட் 1714-இல் பாதரச வெப்பமானியைச் செய்தார். 1724-இல் தம் அளவுகோலை வெளியிட்டார். போர்த்துகீசியர் கட்டிய மட்டாஞ்சேரி அரண்மனையைச் செப்பனிட்ட புண்ணியத்தில் டச்சுக்காரர் அதில் தம் பெயரை ஒட்டிக்கொண்டார்கள். மிளகு டச்சு நாட்டுக்குப் போனது. இவை எதற்கும் கோழிக்கும் தொடர்பில்லை. பின்னணி முற்றும்.

இனி அளவைகள், அதாவது அறியும் வழிகள். காட்சி, கருதல், உரை என மூன்று.

காட்சிவாதிகள் தொடையைக் கீறிச் சாறு தெளிவாக வருகிறதா என்று பார்ப்பவர்கள். காஷ்மீரி மிளகாய்த்தூளில் ஊறிய கோழியின் சாறு எந்த நிலையிலும் சிவப்புதான். இளங்கோழியென்றால் எலும்பையொட்டிய சதை நன்றாக வெந்த பிறகும் செந்நிறம் காட்டும். எனவே காட்சி இங்கே மயக்கக் காட்சி. கருதல், அல்ஃபாம் வாட்டும் மாஸ்டரின் வழி. இடுக்கியால் அமுக்குவார், தொடை மூட்டை அசைத்துப் பார்ப்பார், தலையாட்டுவார். அனுபவம் பேசுகிறது, மறுக்க எனக்குத் துணிவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை இரவு, வாசலில் பார்சலுக்கு நிற்பவர்கள் முறைக்கையில், அந்தத் தலை கொஞ்சம் சீக்கிரமே ஆடிவிடுகிறது.

மூன்றாவது உரை, நம்பத்தக்கவர் வாக்கு. இந்த யுகத்தில் நம்பத்தக்கவர் செல்போன். இறைச்சிக்குள் செருகிய கம்பி புளூடூத் வழியாகப் போனுக்கு வெப்பத்தைச் சொல்கிறது. 2015-இல் கூட்டுநிதி திரட்டித் தொடங்கிய மீட்டர் என்ற கருவி இந்த வகையில் பேர்போனது. நுனி 100 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். வெளியே நிற்கும் முனை 275 வரை. முதல் மாதிரிக்கு எட்டும் தூரம் பத்து மீட்டர். அதுவும் தடையில்லாத வெளியில். இரும்பு மூடியையும் தடித்த சுவரையும் கடக்கும்போது சேதி மெலிந்துவிடும்.

இங்கே அடிப்படை ஆட்சேபம் ஒன்று எழுகிறது. கம்பியில்லாக் கருவி யாருக்கு? நெருப்பை விட்டு எழுந்து போக விரும்புகிறவனுக்கு. அமெரிக்காவில் மாட்டு மார்புக்கறியைப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் மூடிப் புகையூட்டுகிறார்கள். அப்படிப் புகையூட்டுகிறவன் போய்த் தூங்கலாம். அல்ஃபாமில் கொழுப்பு சொட்டியதும் கரி சீறி எரியும். மாஸ்டர் ஒரு பீடிக்கு நகர்ந்தாலே கோழி கரிக்கட்டை. போதாததற்கு, விரல் நீளக் கம்பியைச் செருகிவிட்டால் வலை மூடாது, புரட்டவும் முடியாது. நேர்த்தீ பட்டால் கருவியின் ஆயுளும் முடிந்தது. கம்பியில்லாச் சுதந்திரம் மட்டாஞ்சேரி மாஸ்டருக்குச் செல்லாத நாணயம்.

அதற்காக வெப்ப அளவையே தள்ளிவிட வேண்டாம். கோழிக்கு 74 டிகிரி என்பது அமெரிக்க வேளாண் துறை வகுத்த எல்லை. சால்மொனெல்லா கிருமி அதற்குமேல் வாதம் செய்யாது. 2022-இல் கேரளத்தின் செறுவத்தூரில் ஷவர்மா ஓர் உயிரைக் குடித்தது; 2023 ஜனவரியில் பச்சைமுட்டை மயோனைஸுக்குக் கேரள அரசு தடை போட்டது. இது விளையாட்டான பொருளல்ல. செறுவத்தூரில் சிக்கிய ஷிகெல்லா கிருமி பெரும்பாலும் கழுவாத கை வழியாகவும் கெட்ட தண்ணீர் வழியாகவும் பரவுவது. கோழி 74-ஐத் தொட்ட பிறகு கை பட்டால் எந்தக் கம்பியும் அதைச் சொல்லாது.

கம்பியில்லாக் கருவியை ஏற்கனவே வாங்கிவிட்டவர்களுக்குப் பராமரிப்பு பற்றி. மட்டாஞ்சேரிக் காயல் காற்றுக்கு உலோகம் பிடிக்காது. மின்னேற்றும் முனைகள் கறுத்தால் போன் "இணைப்பு இல்லை" என்று கைவிரிக்கும். மசாலா காயும் முன் கம்பியைக் கழுவித் துடையுங்கள். முனைகளை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஒற்றுங்கள். இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழையில் அடுப்பு ஓய்ந்தால், மின்னேற்றும் பெட்டிக்குள் இருக்கும் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். கசிந்தால் பெட்டியும் போய்விடும்.

சித்தாந்தம் இதுதான். வீட்டில் மூடியுள்ள அடுப்பு வாங்கி, முழு ஆட்டுத்தொடை வைத்து, விருந்தாளிகளோடு மாடியில் உட்கார ஆசைப்படுகிறவர் கம்பியில்லாததை வாங்கலாம். அல்ஃபாம்காரருக்குக் குத்தி எடுத்துப் பார்க்கும் சாதாரண ஊசி வெப்பமானி போதும். அதன் விலையைப் போலப் பல மடங்கு மிச்சம். தொடையின் தடித்த இடத்தில், எலும்பில் படாமல் குத்துங்கள்.

வாங்கியதும் கொதிக்கும் தண்ணீரில் சோதித்துக்கொள்ளுங்கள். கொச்சி கடல் மட்டத்தில் இருப்பதால் 100 காட்ட வேண்டும். மூணாறில் சோதிப்பவர்கள் 95 காட்டியதற்காகக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். அங்கே தண்ணீரே அவ்வளவில்தான் கொதிக்கிறது.