இறங்கும் நாற்காலி

என்னைப் புலத்தலைவராக நியமித்த ஆணை ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தது. அன்றிரவே ஊரிலிருக்கும் அத்தைக்குப் போன் போட்டு, "அத்தே, என்னை ஸ்கூலுக்குத் தலைவராப் போட்டிருக்காங்க" என்றேன். அந்தப் பக்கம் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு தணிந்த குரலில் கேட்டாள்: "யுனிவர்சிட்டியில இருந்து ஸ்கூலுக்கு இறக்கிட்டாங்களா? அப்படி என்னய்யா தப்பு செஞ்ச?"

அத்தை மேல் குற்றமில்லை. ஒன்றுக்கொன்று சொந்தமான சில துறைகளைச் சேர்த்துக் கட்டி 'ஸ்கூல்' என்று பெயர் வைப்பது பல்கலைக்கழக வழக்கம். டெல்லி ஜே.என்.யூ. 1969-இல் தொடங்கியபோதே அந்த வழியில்தான் போனது. தமிழில் அதைப் 'புலம்' என்கிறோம். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் சுவடிப்புலம், வளர்தமிழ்ப்புலம் என்று ஐந்து உண்டு. புலத்துக்கு வயல் என்றும் ஒரு பொருள் இருக்கிறது. மூன்று வருஷம் வரப்புத் தகராறு தீர்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பெயர் வைத்தவர் விவரமானவர்.

அத்தைக்கு விளங்கட்டும் என்று "டீன் மாதிரி அத்தே" என்றேன். அது அதைவிடப் பெரிய தப்பாகப் போயிற்று. நம் பக்கத்தில் டீன் என்றால் பெரியாஸ்பத்திரி டீன்தான். மறுநாள் காலை ஏழு மணிக்கே அத்தையின் பக்கத்து வீட்டுக்காரர், குடலிறக்க ஆபரேஷனுக்கு ஒரு பெட் சொல்லிவிடும்படி கேட்டார்.

'டீன்' என்ற சொல், பத்துப் பேருக்குத் தலைவன் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. எங்கள் புலத்தில் ஆசிரியர்கள் பதினொரு பேர். என்னைக் கழித்தால் கச்சிதமாகப் பத்து. லத்தீன்காரர்கள் கணக்கை மட்டும் சரியாகப் போட்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை பொறுப்பேற்றேன். முந்தைய தலைவர் ஒரு சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். எண்ணிப் பார்த்தேன், 23 சாவி. அறையிலும் பீரோக்களிலுமாகப் பூட்டுகள் ஒன்பது. "மிச்சச் சாவியெல்லாம் எதுக்கு சார்?" என்றேன். "எனக்குக் குடுத்தாங்க, நான் உங்களுக்குக் குடுக்கறேன்" என்றவர், வாசல் வரை போய்த் திரும்பி நின்று நாற்காலியைக் காட்டினார்: "அது கொஞ்சம் இறங்கும்."

இறங்கியது. பெரிய, கறுப்பு, சுழல் நாற்காலி. உட்காரும்போது ஆள் கம்பீரமாகத்தான் தெரிவேன். அப்புறம் அடியில் 'உஸ்' என்று ஒரு பெருமூச்சு கேட்கும். நிமிஷத்துக்கு ஒரு விரற்கடை வீதம் கீழே போவேன். புலக்கூட்டத்தில் முதல் பொருளை நான் படிக்கும்போது மேஜை என் இடுப்பளவு இருக்கும். மூன்றாவது பொருளுக்கு மார்பளவு. 'இதர பொருள்கள்' வரும்போது மேஜைக்கு மேலே என் மூக்குக்கண்ணாடி மட்டும் மிதக்கும். என் பதவிக்குப் பெயரே 'சேர்பர்சன்'. அந்தச் சேர்தான் இது.

புது நாற்காலி கேட்டு எழுதினேன். அதற்கு மூன்று விலைப்புள்ளி வேண்டுமாம். அதற்கு முன்னால், பழைய நாற்காலி உதவாது என்று ஒரு குழு பார்த்துச் சான்று தர வேண்டுமாம். அந்தக் குழுவுக்கு யார் தலைவர் என்று பார்த்தால், புலத்தலைவர். தன் நாற்காலியைத் தானே உதவாது என்று சொன்னால் தணிக்கையில் கேள்வி வரும் என்றார் கண்காணிப்பாளர். நாலு மாதம் கழித்துக் கோப்பு ஒரு வினாவோடு திரும்பி வந்தது: 'நாற்காலி இறங்குவதற்கான காரணம் தெரிவிக்கப்படவில்லை.' 'அமர்வதால்' என்று எழுதி அனுப்பினேன்.

புலத்தலைவருக்கு அதிகாரம் இல்லை என்று சொல்ல மாட்டேன். 'பரிந்துரைத்து அனுப்பப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போடும் அதிகாரம் முழுமையாக உண்டு. விடுப்பு விண்ணப்பம், ஆய்வேடு, ஒழுகும் குழாய் எல்லாவற்றையும் பரிந்துரைத்தேன், எல்லாமும் போய்ச் சேர்ந்தன. பள்ளிக்கூட ஆசிரியையான என் மனைவி ஒரு வாரம் கவனித்துவிட்டுத் தீர்ப்பு சொன்னாள்: "இது கிளாஸ் லீடர் வேலைங்க. பேசறவங்க பேரை போர்டுல எழுதலாம். அடிக்க முடியாது."

பெயர் எழுதவும் முடியாது என்பது கால அட்டவணை போட்டபோது தெரிந்தது. யூ.ஜி.சி.யின் 2018 விதிகள்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு, பேராசிரியருக்கு 14. எத்தனை மணி என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. எந்த மணி என்பதில்தான் சண்டை. ஒருவருக்குப் பிள்ளையின் ஸ்கூல் வேன். இன்னொருவருக்கு வைகை எக்ஸ்பிரஸ். மூத்த பேராசிரியர் ஒருவர் வெள்ளிக்கிழமை பத்தரை மணி வகுப்பை அடியோடு மறுத்தார். தனியே கூப்பிட்டுக் கேட்டேன். "ராகு காலம் சார்" என்றார். அவர் நடத்தும் பாடம், பகுத்தறிவுத் தேர்வுக் கோட்பாடு. கடைசியில் திங்கள் முதல் மணி, வெள்ளி கடைசி மணி, ராகு காலம் மூன்றையும் நானே எடுத்துக்கொண்டேன்.

இரண்டாம் வருஷம், பல்கலைக்கழகங்களைத் தரமதிப்பீடு செய்யும் நாக் குழு வந்தது. பெங்களூரைத் தலைமையகமாகக் கொண்டு 1994-இல் தொடங்கிய நாக், அப்போது நம்மை ஏழு அளவுகோல்களால் அளந்தது. ஏழுக்கும் ஆதாரம் கேட்டது. நடந்ததா என்பதைவிட, நடந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையோடு படம் இருக்கிறதா என்பதே முக்கியம். மரம் நட்டதை எடுத்தோம், கருத்தரங்கை எடுத்தோம், மீட்டிங்கில் டீ குடித்ததையும் எடுத்தோம்.

எங்களிடம் இல்லாதது பசுமை. தாவரவியல்காரர்களிடம் 40 குரோட்டன்ஸ் தொட்டி இருந்தது. குழு முன்வாசல் வழியாக ஒரு புலத்தைப் பார்த்து முடிப்பதற்குள், பின்வாசல் வழியாகத் தொட்டிகள் அடுத்த புலத்துக்குத் தள்ளுவண்டியில் போய்விடும். எங்களிடம் வந்து சேர்ந்தபோது இலைகளுக்கே மூச்சு வாங்கியது. குழுவில் வந்த அம்மையார் ஒரு தொட்டியின் முன் நின்று, "இதைக் காலையில் எங்கோ பார்த்தேனே" என்றார். "ஒரே நர்சரியில் வாங்கியது மேடம்" என்றேன்.

பிறகு என் அறை. குழுத் தலைவர் வட மாநிலத்துக்காரர், வெள்ளை முடி, அதிகம் பேசாத மனிதர். எதிரே உட்கார்ந்து புலத்தின் தொலைநோக்கு என்ன என்று கேட்டார். ஆரம்பித்தேன். 'உஸ்' என்றது. தொலைநோக்கை முடித்துக் குறிக்கோளுக்கு வந்தபோது அவருடைய டை ஊசி என் கண்ணுக்கு நேரே இருந்தது. நான் நிறுத்தவில்லை, அவரும் சிரிக்கவில்லை. முழுவதும் கேட்டுவிட்டு எழுந்து, மேஜைக்கு மேல் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னார்: "நானும் ஆறு வருஷம் ஸ்கூல் தலைவராக இருந்தேன். என்னுடையது இடது பக்கம் சாயும்."

அன்றைக்கு அந்த நாற்காலி மேல் இருந்த கோபம் போயிற்று. அதன் பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். நான் உயரத்தில் இருக்கும் முதல் பத்து நிமிஷம் கூட்டத்தில் ஒன்றும் நடக்காது. எல்லாரும் என்னைப் பார்த்தே பேசுவார்கள், ஆளாளுக்கு மனு. நான் மேஜைக்குக் கீழே மறைய மறைய, அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேச ஆரம்பிப்பார்கள். ஆய்வு முறையியல் தாளை எந்தத் துறை நடத்துவது என்று இரண்டு துறைகளுக்குள் எட்டு வருஷமாக வழக்கு. என் கண்ணாடி மட்டும் தெரிந்த ஒரு மாலையில், ஆளுக்குப் பாதி என்று கால் மணி நேரத்தில் தீர்த்துக்கொண்டார்கள். நான் செய்ததெல்லாம் நிமிராமல் இருந்ததுதான். மூன்று வருஷத்தில் உருப்படியாக முடிந்த காரியங்கள் எல்லாமே 'இதர பொருள்கள்' நேரத்தில் முடிந்தவை.

போன ஜூன் மாதம் பொறுப்பை ஒப்படைத்தேன். புதிய தலைவர் என்னைவிடச் சின்னவர், சுறுசுறுப்பான அம்மா. சாவிக்கொத்தைக் கொடுத்தேன். இப்போது 24 சாவி, கூடியிருக்கும் ஒன்று எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. வாசலில் நின்று, "அது கொஞ்சம் இறங்கும் மேடம், மாத்திடாதீங்க" என்றேன். வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்.

எனக்கு அவசரம். புது நாற்காலி வேண்டாம், கோப்பை முடித்துவிடவும் என்று முன்பே நிதிப் பிரிவுக்கு எழுதியிருந்தேன். அந்தக் கடிதம், 'வேண்டாம் என்பதற்கான காரணம் தெரிவிக்கப்படவில்லை' என்ற வினாவோடு திரும்பி வந்து அவர் மேஜையில்தான் இருக்கிறது.