ஆயிரத்தில் ஒரு நொடி

ஒரகடத்தில் ஒரு ஆலையில் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியனாக எனக்கு 18 வருஷ சர்வீஸ். ஓடுகிற ஷாஃப்ட்டை நிறுத்தாமலே நிறுத்திப் பார்க்க எங்களிடம் ஸ்ட்ரோபோஸ்கோப் என்று ஒரு கருவி உண்டு. அதன் விளக்கை ஷாஃப்ட்டின் வேகத்துக்கு ஈடாக மினுக்கவிட்டால், நிமிஷத்துக்கு 1500 சுற்று சுற்றுகிற ஷாஃப்ட் சமர்த்தாக நின்று தன் முதுகில் இருக்கும் கீறலைக் காட்டும். இந்த வித்தை தெரிந்தவனுக்கு, கபடி ஆடுகிற என் 13 வயசுப் பையனைப் படம் பிடிப்பதெல்லாம் எந்த மூலைக்கு?

கேமரா மச்சானுடையது. கல்யாண ஃபோட்டோ தொழிலை விட்டு அவன் ரியல் எஸ்டேட்டுக்குப் போனபோது, சொந்தக்காரன் என்ற பாசத்தில் கடை விலையைவிட 500 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு கொடுத்தான். "ஸ்போர்ட்ஸா மாமா? ஷட்டரை ஆயிரத்துல ஒண்ணு வச்சுக்கோங்க. புல்லட்டே நிக்கும்" என்றான். அவன் அதுவரை நிறுத்திப் பிடித்ததெல்லாம் மாலையோடு ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தவர்களை.

முதல் மேட்ச்சில் 340 படம் எடுத்தேன். நைட் ஷிஃப்ட் முடித்த கையோடு போயிருந்தேன் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளவும். வீட்டுக்கு வந்து பார்த்தால், ஒன்றில் காது. ஒன்றில் ஜெர்சியின் பின்பக்கம் 7 என்ற எண்ணின் வால். மீதியில் நடுவரின் தொப்பை. அதுவும் விசிலின் கயிற்று முடிச்சு தெரிகிற அளவுக்குத் துல்லியமாக. கேமராவைக் குறை சொல்ல முடியாது. அந்த அமளியில் அசையாமல் இருந்த ஒரே பொருளை அது நம்பியிருக்கிறது.

கபடியின் கோளாறு இது: ரெய்டுக்கு 30 நொடி. பாடிப்போகிற பையன் முதல் 25 நொடிக்கு ஒன்றும் செய்ய மாட்டான். கத்தரிக்காய் பொறுக்குகிறவன் மாதிரி இப்படிக் குனிவான், அப்படி நிமிர்வான். நாமும் பட்டனில் விரலை வைத்துக்கொண்டு சேர்ந்து மூச்சைப் பிடிப்போம். எதிரில் ஏழு பேர் கை கோத்து நிற்பார்கள். கடைசியில் ஒரு அரை நொடியில் தொட்டு, பிடிபட்டு, விழுந்து, மேலே ஏழு பேர் ஏறி, எல்லாம் முடிந்துவிடும். விரலுக்குச் செய்தி போய்ச் சேரும்போது அங்கே இருப்பது ஒரு கால் குவியல். அதில் எது நம்ம வீட்டுக் கால் என்று பெற்ற தாயாலேயே சொல்ல முடியவில்லை, கேட்டுப் பார்த்தேன்.

1878இல் கலிஃபோர்னியாவில் எட்வேர்ட் மைப்ரிட்ஜ் என்பவர் ஓடுகிற குதிரையைப் பிடித்தார். 12 கேமராவை வரிசையாக வைத்து, பாதைக்குக் குறுக்கே நூல் கட்டி, குதிரை நூலை அறுக்க அறுக்கப் படம் விழும்படி செய்தார். நாலு காலும் ஒரே சமயத்தில் தரையை விட்டு எழும்புவதை உலகம் அன்றைக்குத்தான் கண்ணால் கண்டது. அவருக்கு ஒரு வசதி: குதிரை நேராக ஓடியது. ஓடிய குதிரை மேல் ஏழு குதிரை விழவில்லை.

வேகத்தைக் கற்க வேகம் இருக்கிற இடத்துக்கே போவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்குப் போனேன். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் தடம், 1990 முதல் இருக்கிறது. அந்தச் சத்தத்தைத் தினமும் கடந்து வேலைக்குப் போகிறவன், ஒரு நாளும் உள்ளே எட்டிப்பார்த்ததில்லை. வண்டியோடு கேமராவையும் சேர்த்துத் திருப்பிக்கொண்டே அமுக்கினால் வண்டி தெளிவாகவும் பின்னணி கோடுகோடாகவும் விழும் என்று படித்திருந்தேன். அப்படியே விழுந்தது. பத்துக்கு நாலு தேறியது! கார் எவ்வளவு வேகமாகப் போனாலும் மரியாதை தெரிந்த ஜென்மம். 3.7 கிலோமீட்டர் சுற்றி, அதே வளைவுக்கு, அதே கோட்டில் திரும்ப வரும். விட்டால் அடுத்த சுற்று. அப்போதுதான் புரிந்தது, வேகம் எனக்கு எதிரி இல்லை. இடது பக்கம் போவதாகக் காட்டிவிட்டு வலது பக்கம் போகிற பிள்ளைதான் எதிரி. வீட்டுப்பாடம் விஷயத்திலும் அவன் அப்படித்தான்.

அடுத்தது ராத்திரி மேட்ச். நாலு கம்பத்தில் எல்.இ.டி விளக்கு. ஆயிரத்தில் ஒன்றில் வைத்து அடித்தால் ஒரு படம் வெளிச்சம், அடுத்தது இருட்டு, அதற்கடுத்தது பாதி இருட்டு. மச்சானுக்கு ஃபோன் போட்டு அவன் பரம்பரையையே விசாரித்தேன். வைத்த பிறகுதான் உறைத்தது. நம்ம கரன்ட் 50 சைக்கிள். மட்டமான விளக்கு நொடிக்கு 100 தடவை மங்கி எழும். எங்கள் ஸ்ட்ரோபோஸ்கோப்பின் அதே சங்கதி! லேத்துக்கு மேலே ஒரே ஃபேஸில் டியூப்லைட் போட்டால், சுற்றுகிற சக் நிற்கிற மாதிரி தெரிந்து ஆள் கை வைத்துவிடுவான், மூன்று ஃபேஸில் பிரித்துப் போடுங்கள் என்று வருஷா வருஷம் அப்ரன்டிஸ் பையன்களுக்கு வகுப்பு எடுப்பவன் நான்.

நூற்றில் ஒன்றுக்கு ஷட்டரை இறக்கினால் வெளிச்சம் சீராகிவிட்டது. பையன்கள் புகையாகிவிட்டார்கள். லைட் போட்டவரிடம் போய், கம்பங்களை மூன்று ஃபேஸுக்கும் பிரித்துக் கொடுக்க முடியுமா என்று பணிவாகக் கேட்டேன். அவர் என் கேமராவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சார், ஜெனரேட்டரே சிங்கிள் ஃபேஸு" என்றார்.

ஆனாலும் அன்றைக்கு ஒன்று சிக்கியது. எங்கள் பையன்கள் ரெய்டரை மடக்குகிற தருணம், குவியலின் ஓரத்தில் நீல நீகேப்பை முழங்கையில் ஏற்றிய ஒரு கை மட்டும் ஆகாயத்தைப் பார்த்து எழும்பி நிற்கிறது. என் மகனிடமும் நீல நீகேப்தான். வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் அனுப்பி, "முழங்கையைக் கவனிக்கவும்" என்று எழுதினேன். டீம் ஜெயித்தது. ஊர் முனையில், கம்பெனி பஸ்கள் நிற்கிற இடத்தில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள், பத்துக்கு எட்டு, என் படம்தான். குடும்பத்தோடு போய் நின்றேன். போகிற கன்டெய்னர் லாரிக்கெல்லாம் ஃப்ளெக்ஸ் படபடத்தது.

"அதோ, அந்தக் கை" என்று மனைவிக்குக் காட்டினேன்.

"அது என் கை இல்லப்பா" என்றான் மகன். "அப்ப நான் அவுட்டு."

அவன் விரல் நீட்டிய இடத்தைப் பார்த்தேன். பின்னால், வலது மூலையில், அவுட்டானவர்கள் உட்கார்கிற இடம். மொபைலில் கடுகளவு இருந்தது ஃப்ளெக்ஸில் ஆளுயரத்துக்கு வளர்ந்திருந்தது. அங்கே ஒரு பையன் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஆட்டத்தைப் பார்க்காமல், ஆள்காட்டி விரலை மூக்குக்குள் முதல் கணு வரைக்கும் விட்டிருந்தான். துளி ஆட்டம் இல்லை. நகக்கண்ணில் இருந்த செம்மண் வரைக்கும் தெரிந்தது.