அட்மின் யார் பக்கம்?

குரூப் அட்மின்களின் கேள்விகளுக்கு இந்த வாரம் பதில்.

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குரூப்பில் கார் பார்க்கிங் பற்றிப் பேச்செடுத்தால் பரம்பரை வரை இழுத்துத்தான் முடிகிறது. அட்மினாகிய நான் யார் பக்கம் நிற்பது?
– அசோசியேஷன் செயலாளர், தாம்பரம்

பதில்: பார்க்கிங் பக்கம். எந்த வண்டி எங்கே நிற்க வேண்டும் என்பதுதானே விவகாரம்? பேச்சு வண்டியை விட்டு ஆளின் மேல் ஏறியதும், அட்மின் மட்டுமே எழுதலாம் என்று மாற்றுங்கள். கூடவே, ‘நாளை காலை 8 மணிக்குத் திறக்கிறேன். ஞாயிறு மாலை மொட்டை மாடியில் கூடிப் பேசுவோம்’ என்று எழுதுங்கள். திறக்கும் நேரம் சொல்லாமல் பூட்டினால் கோபமெல்லாம் உங்கள் மேல் திரும்பும். அன்றிரவே சண்டை போட்டவர்களுக்குத் தனித்தனியாகப் போன் போடுங்கள். குரல் கேட்டாலே பாதிக் கோபம் இறங்கிவிடும்.

கேள்வி: குடும்பக் குரூப்பில் பெரியப்பா பொய்ச் செய்திகளாக ஃபார்வர்டு செய்கிறார். மனம் நோகாமல் நிறுத்துவது எப்படி?
– தம்பி மகள், கும்பகோணம்

பதில்: குரூப்பில் திருத்தாதீர்கள். பேரன் பேத்திகள் முன்னால் தோற்க எந்தப் பெரியப்பாவும் சம்மதிக்க மாட்டார். போனில், ‘பெரியப்பா, அந்தச் செய்தி பொய்யாம். நீங்களே சொல்லிட்டா எல்லாரும் கேப்பாங்க’ என்று சொல்லுங்கள். திருத்துகிற பெருமையும் அவருக்கே போகட்டும். ஆனால், பெரியவர் என்பதற்காக விட்டுவிடாதீர்கள். 2018-இல் போளூர் அருகே, குலதெய்வம் கும்பிடப் போன முதிய பெண் ஒருவரைப் பிள்ளை பிடிப்பவர் என்று நினைத்து அடித்தே கொன்றார்கள். அந்த அச்சத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனவை வாட்ஸ்அப் வதந்திகள். நாடு முழுவதும் இப்படிக் கொலைகள் நடந்த பிறகுதான், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி இந்தியாவில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அந்த வதந்திகளை அனுப்பிய விரல்களில் பலவும் அன்பான பெரியப்பாக்களுடையவைதான்.

கேள்வி: யாரோ போட்ட பதிவுக்கு அட்மின் சிறைக்குப் போக வேண்டுமா?
– பழைய மாணவர் குரூப் அட்மின், திண்டுக்கல்

பதில்: அட்மினாக இருப்பதற்காக மட்டும் போக வேண்டியதில்லை. கரூர் வழக்கறிஞர்களின் குரூப் தொடர்பான வழக்கில் 2021-இல் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, அட்மின் என்பதைத் தவிர வேறு பங்கு அவருக்கு இல்லையென்றால் போலீஸின் இறுதி அறிக்கையில் அவர் பெயரை நீக்கச் சொன்னது. 2022-இல் கேரள உயர் நீதிமன்றமும் உறுப்பினர் பதிவுக்கு அட்மினைப் பொறுப்பாக்க முடியாது என்றது. கூட்டுச் சதியோ தூண்டுதலோ இருந்தால் கதை வேறு. அதே 2022-இல், யார் போட்ட பதிவையும் எல்லோருக்கும் அழிக்கும் வசதி அட்மின் கைக்கு வந்தது. வழக்கு வராது என்ற தைரியத்தில் அதைப் பயன்படுத்தாமல் இருந்துவிடாதீர்கள்.

கேள்வி: குட்மார்னிங் படங்களை ஒழிக்க வழி?
– காலையிலேயே களைத்தவர், சேலம்

பதில்: தனியே வாழும் முதியவருக்கு அந்தப் பூங்கொத்துதான் ‘நான் நல்லா இருக்கேன்’ என்ற தகவல். அதற்கென்று தனிக் குரூப் தொடங்கிக் கொடுங்கள். ஒரு நாள் படம் வராவிட்டால் போன் போட்டு விசாரியுங்கள்.

கேள்வி: ஒருவரை எப்போது நீக்கலாம்?
– இளகிய மனசு அட்மின், நாகர்கோவில்

பதில்: ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு விதி உண்டு. 24 மணி நேரத்துக்குள் ஒரே பக்கத்தில் மற்றவர்கள் எழுதியதை மூன்று முறைக்கு மேல் மாற்றியமைப்பவரைத் தடை செய்யலாம். ‘நான் எழுதியதுதான் சரி’ என்ற வாதம் பொதுவாக அங்கே எடுபடாது. தடையின் நோக்கம் தண்டனையும் அல்ல, சேதத்தை நிறுத்துவது. நீங்களும் விதியை முன்கூட்டியே எழுதி வையுங்கள். முதல் முறை தனியாகச் சொல்லுங்கள், அடுத்த முறை எச்சரியுங்கள், அதன் பிறகு நீக்குங்கள். திரும்பச் சேர்க்கும் தேதியையும் சொல்லி நீக்கினால் உறவு அறாது. அடுத்த முறை தவறுவது உங்கள் மைத்துனராக இருந்தாலும் இதே வரிசைதான். மிரட்டல், சாதி வசை, பெண்களை இழிவுபடுத்தும் படம் என்றால் வரிசை எதுவும் வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டு உடனே நீக்குங்கள்.

கேள்வி: நல்ல அட்மினுக்கு என்ன தகுதி வேண்டும்?
– புது அட்மின், ஈரோடு

பதில்: இரவு பதினொன்றுக்கு மேல் எழுதுகிற பதிலைக் காலையில் அனுப்பும் பொறுமை. காலையில் பாதிப் பதில்களை அனுப்பவே தோன்றாது.

கேள்வி: எங்கள் வகுப்புக் குரூப்பில் பெண்கள் பேசுவதே இல்லை. ஆர்வம் இல்லையோ?
– கல்லூரித் தோழர், திருச்சி

பதில்: ஆர்வத்தோடுதான் வந்து சேர்ந்தார்கள். பிறகு யாரோ ஓர் ஆபாச ஜோக் போட்டார், பத்துப் பேர் சிரிப்பு எமோஜி போட்டார்கள், ஒருவரும் கண்டிக்கவில்லை. அன்றோடு அவர்கள் ம்யூட்டுக்குப் போய்விட்டார்கள். சண்டையே இல்லை என்பதற்காக ஒரு குரூப் நல்ல குரூப் ஆகிவிடாது. யாரெல்லாம் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள் என்று மாதம் ஒருமுறை பாருங்கள். தனியே காரணம் கேளுங்கள். அடுத்த ஜோக் வரும்போது முதல் ஆட்சேபம் உங்களிடமிருந்தே வரட்டும். அந்தத் தோழிகள் பேசத் துணியும் வரைக்கும் அட்மின் அவர்கள் பக்கம்தான்.